சுட வேண்டியவன் யார்? அர்ஜென்டினப் பழிவாங்கல் படங்களும் கொக்கெய்ன் பாதையும்

பழிவாங்கும் படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் அதற்கு ஒரு கதவு தேவைப்படுகிறது. நாயகன் கடைசி இருபது நிமிடங்களில் உதைத்துத் திறக்கும் கதவு அது. அதற்கு அப்பால் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் காரணம் இவன்தான் என்று பார்ப்பவருக்கு ஐயமற விளங்க வேண்டும். போதைப்பொருள் கடத்தலைக் கதைக்குள் கொண்டுவரும் இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தத் தேவையைச் சிரமமில்லாமல் நிறைவு செய்துவிடுகிறார்கள்: தங்கச் சங்கிலியும் நீச்சல் குளமும் நான்கைந்து அடியாட்களும் கொண்ட ஒரு தலைவனைப் படைத்து, அவனை வீழ்த்தியதும் கணக்கு முடிந்தது என்று படத்தை முடித்துவிடுகிறார்கள். அர்ஜென்டினக் குற்றப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்குப் புலப்படுவது வேறொன்று. அந்நாட்டின் சிறந்த பழிவாங்கல் படங்களில் போதைப்பொருளுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. போதைப்பொருளைப் பற்றிய சிறந்த படங்களில் பழி தீர்வதே இல்லை. இரண்டையும் ஒரே அதிரடிப் படத்துக்குள் அடைக்க முயலும்போது ஏதோ ஒன்று பொய்யாகிவிடுகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது. படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் 1981-ஆம் ஆண்டு. ராணுவ ஆட்சி இன்னும் நாற்காலியில் இருந்த காலத்தில், தணிக்கையாளர்களின் கண்ணெதிரே, அதோல்ஃபோ அரிஸ்தராயின் ‘தியெம்போ தே ரெவாஞ்சா’ என்ற படத்தை எடுத்தார். ‘பழிவாங்கும் காலம்’ என்று தமிழில் சொல்லலாம். ஃபெதெரிகோ லுப்பி நடித்த பெங்கோவா வெடிமருந்து வைப்பதில் தேர்ந்தவர். தமது பழைய தொழிற்சங்க வாழ்க்கையை மறைத்துவிட்டு, துல்சாக்கோ என்னும் பெரிய நிறுவனத்தின் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே ஒரு வெடிவிபத்தை அரங்கேற்றி, அதில் பேச்சு போய்விட்டதாக நடித்து, நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்கிறார். நிறுவனத்தின் ஆட்கள் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லாவது விழாதா என்று காத்துக் கிடக்கிறார்கள். தனியாக இருக்கும்போதும் பேசிவிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டிலேயே படத்தின் பரபரப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. கடைசியில் பெங்கோவா கண்ணாடி முன் நின்று, சவரக் கத்தியால் தம் நாக்கைத் தாமே அறுத்துக்கொள்கிறார். எதிரி ஒரு நிறுவனமாக இருக்கும்போது, அதன் அலுவலர்களில் எவரைக் கொன்றாலும் அது சாகாது என்பதை அந்தக் காட்சி அளவுக்குக் கடுமையாகச் சொன்ன வேறு படத்தை நான் பார்த்ததில்லை. பழிவாங்க எடுத்த கத்தி, பாய வேறு உடல் கிடைக்காமல், எடுத்தவன் மேலேயே பாய்கிறது.

இதற்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது, ஹுவான் ஹோசே கம்பனெல்லாவின் ‘எல் செக்ரெத்தோ தே சுஸ் ஓஹோஸ்’. 2010-இல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றதால் தமிழ் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமான படம். ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியரான எஸ்போசித்தோ, 1974-இல் நடந்த ஒரு பாலியல் வன்கொலையைப் பற்றி நாவல் எழுத உட்காருகிறார். கொல்லப்பட்ட பெண்ணின் கணவர் மொராலெஸ் ஒரு வங்கி ஊழியர். கொலையாளி எப்போதாவது வந்து இறங்குவான் என்று, வேலை முடிந்ததும் நாள்தோறும் ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பவர். குற்றவாளி கோமெஸ் பிடிபடுகிறான். கால்பந்து அரங்கத்தின் மேலே வானில் தொடங்கி, கூட்டத்துக்குள் இறங்கி, கழிப்பறை வழியாக ஓடி, ஆடுகளத்தில் முடியும் அந்தப் புகழ்பெற்ற துரத்தல் காட்சி இங்கேதான் வருகிறது. வித்தைக்காகவே எடுக்கப்பட்ட காட்சி என்று அதைச் சிலர் குறைத்துப் பேசுவதுண்டு; எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பொறுக்கி எடுக்கும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை வேறெப்படிக் காட்டியிருக்க முடியும்?

பிடிபட்டவன் விடுவிக்கப்படுகிறான். அதிபர் இசபெல் பெரோனின் ஆட்சியில் ஆட்களைத் தீர்த்துக்கட்டும் வேலைக்கு அவன் பயன்படுகிறான் என்பதே காரணம். தொலைக்காட்சிச் செய்தியில், அதிபருக்குப் பின்னால் பாதுகாவலனாக நிற்கும் கோமெஸைக் கணவர் காண நேர்கிறது. பல ஆண்டுகள் கழித்து எஸ்போசித்தோ தேடிப்போகும்போது, தாமே கோமெஸைப் பிடித்துவந்து, ரயில் கடந்துபோகும் இரைச்சலில் சுட்டுக் கொன்றுவிட்டதாக மொராலெஸ் சொல்கிறார். அந்தக் காட்சியையும் நமக்குக் காட்டுகிறார்கள். சாதாரணப் பழிவாங்கல் படம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் அது பொய். எஸ்போசித்தோ திரும்பி வந்து பார்க்கையில், பண்ணை வீட்டுக்குள் ஒரு சிறைக்கூண்டும் அதற்குள் மூப்படைந்த கோமெஸும் இருக்கிறார்கள். தன்னிடம் ஒரு வார்த்தையாவது பேசச் சொல்லுங்கள் என்று கைதி கெஞ்சுகிறான். ஆயுள் தண்டனை என்றுதானே சொன்னீர்கள் என்று மொராலெஸ் எஸ்போசித்தோவிடம் கேட்கிறார். அரசு தர மறுத்த தண்டனையை ஒரு வங்கி ஊழியர், சட்டம் சொன்ன அளவு கூடாமல் குறையாமல், தம் வாழ்நாளைக் கொடுத்து நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார். தனிமனிதப் பழியை இந்தப் படம் நியாயப்படுத்துகிறது என்பது ஒரு வாதம். அங்கே சிறைக் காவலரும் சிறைப்பட்டே இருக்கிறார் என்பதைப் பார்த்த பிறகு அந்த வாதம் என்னிடம் நிற்கவில்லை.

அர்ஜென்டினாவில் பழி என்னும் பேச்சுக்கு இருக்கும் கனத்தை அறிய, படங்களுக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். 1976 முதல் 1983 வரையிலான ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டோர் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. எழுத்தாளர் எர்னெஸ்தோ சபாத்தோ தலைமையிலான ஆணையம் 1984-ஆம் ஆண்டு அறிக்கையில் ஏறத்தாழ 9,000 பேரைப் பதிவு செய்தது. 1985-இல் ராணுவத் தளபதிகள் குடிமை நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, அவர்களில் ஐவர் தண்டிக்கப்பட்டார்கள். பிறகு 1986, 1987-ஆம் ஆண்டுச் சட்டங்கள் விசாரணைகளை நிறுத்தின. 1989, 1990-இல் அதிபர் மெனெம் வழங்கிய பொது மன்னிப்பில் தளபதிகள் வெளியே வந்தார்கள். சித்திரவதை செய்தவர்கள் அடுத்த தெருவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியும், வீட்டு எண் தெரியும்; சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் துப்பாக்கியை எடுக்கவில்லை. காணாமல் போனோரின் அன்னையர் வியாழக்கிழமைதோறும் தலைநகரின் மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். காணாமல் போனோரின் பிள்ளைகள் 1990-களின் நடுவில் ‘இஹோஸ்’ என்ற அமைப்பாகத் திரண்டு, ‘எஸ்க்ராச்சே’ என்ற போராட்ட முறையைக் கையிலெடுத்தார்கள். விடுவிக்கப்பட்டவரின் வீட்டைக் கண்டுபிடித்து, சுற்றுவட்டாரமெங்கும் சுவரொட்டி ஒட்டி, மேளதாளத்துடன் ஊர்வலமாகப் போய், சுவரில் சிவப்புச் சாயம் வீசி, உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் தெரியுமா என்று அக்கம்பக்கத்தாருக்கு அறிவித்தார்கள். கதவு வரை போனார்கள், உதைத்துத் திறக்கவில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம், விசாரணைகளை நிறுத்திய அந்தச் சட்டங்கள் செல்லாது என்று அறிவித்த பிறகு வழக்குகள் மீண்டும் நடந்தன. மொராலெஸின் கூண்டை நான் இந்த வரலாற்றின் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன். படம் வெளிவந்த 2009-இல் இந்த விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன.

துப்பாக்கிச் சண்டையை விரும்புவோருக்கு அத்ரியான் கயெத்தானோவின் ‘உன் ஓசோ ரோஹோ’, அதாவது ‘ஒரு சிவப்புக் கரடி’, ஏமாற்றம் தராது. பொருளாதாரம் நொறுங்கிய மறு ஆண்டான 2002-இல் வந்த படம். கொள்ளை வழக்கில் ஏழாண்டுச் சிறை முடிந்து, புவெனஸ் அயர்ஸின் புறநகருக்குத் திரும்பும் ‘கரடி’யாக ஹூலியோ சாவெஸ் நடித்திருக்கிறார். மனைவி வேறொருவருடன் வாழ்கிறாள்; மகளுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை; பழைய கொள்ளையில் அவனுக்குச் சேர வேண்டிய பங்கை ‘துருக்கியன்’ என்ற தலைவன் தராமல் இழுத்தடிக்கிறான். அந்தத் தலைவனாக நடித்த ரெனே லாவந்த் உண்மையில் ஒற்றைக் கையால் சீட்டு வித்தை காட்டிப் பெயர் பெற்ற கலைஞர். சிறுவயதில் விபத்தில் வலக்கையை இழந்தவர். மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கும் விதமே அச்சுறுத்தலாக இருக்கிறது. படத்தின் கொள்ளைக் காட்சியைப் பள்ளி விழாவில் குழந்தைகள் பாடும் தேசிய கீதத்துடன் கயெத்தானோ கோத்திருக்கிறார். சுதந்திரம் என்ற சொல் மும்முறை ஒலிக்கும் கீதம் அது. கரடி இறுதியில் மதுக்கடைக்குள் நுழைந்து கணக்கைத் தீர்க்கிறான். இந்தப் படத்தில் எல்லாம் பொருந்துவதற்குக் காரணம், பாக்கியைத் தர வேண்டியவன் யார், அவன் எந்த மேசையில் இருக்கிறான், தொகை எவ்வளவு என்பதெல்லாம் முதலிலேயே தெளிவாக இருப்பதுதான்.

தமியான் சிஃப்ரோனின் ‘ரெலாத்தோஸ் சல்வாஹெஸ்’ (2014) ஆறு பழிவாங்கல் கதைகளைக் கொண்டது. அதில் இங்கே தேவைப்படுவது ஒன்றே: ரிக்கார்டோ தாரின் நடித்த பொறியாளரின் கதை. அவருடைய காரை இழுவை வண்டி மீண்டும் மீண்டும் தூக்கிப் போகிறது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் எழுத்தர் விதியைக் காட்டுகிறார், எவரும் பொறுப்பேற்பதில்லை. கடைசியில் தம் காரிலேயே வெடிமருந்தை நிரப்பி, அதை இழுத்துப்போக விட்டு, காப்பி குடித்தபடி வெடிக்க வைக்கிறார். எவரும் சாகவில்லை. இவரும் வெடிவைத்துக் கட்டடங்களைத் தகர்ப்பவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1981-இல் லுப்பி, 2014-இல் தாரின். எதிரிக்கு முகம் இல்லாதபோது அர்ஜென்டினத் திரைக்கதை துப்பாக்கிக்காரனைக் கூப்பிடாமல் வெடிமருந்துக்காரனைக் கூப்பிடுகிறது.

இனி கொக்கெய்னுக்கு வரலாம். அர்ஜென்டினா அதை விளைவிக்கும் நாடன்று. பொலிவியாவிலிருந்து இறங்கும் சரக்கு கடந்துபோகும் நாடு, வரவர உட்கொள்ளும் நாடும்கூட. சால்ட்டா மாகாணத்தின் சல்வதோர் மாசா, அகுவாஸ் பிளாங்காஸ் போன்ற எல்லை ஊர்களில் ஆட்களின் முதுகிலும் வயிற்றிலும் வாகனங்களிலும் வருவது ஒரு வழி; சிறு விமானங்கள் வயல்வெளிகளில் மூட்டைகளை வீசிவிட்டுப் போவது மற்றொன்று. சல்வதோர் மாசாவிலிருந்து ரொசாரியோ வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓடும் 34-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தச் சரக்கினால்தான் செய்திகளில் அடிபடுகிறது. ரொசாரியோ பரானா ஆற்றங்கரையில் இருக்கிறது. நாட்டின் தானிய ஏற்றுமதியின் பெரும்பகுதி அந்த வட்டாரத் துறைமுகங்கள் வழியாகவே கடலுக்குப் போகிறது. பராகுவாய், பரானா ஆறுகளைச் சேர்த்த அந்த நீர்வழியின் நீளம் 3,400 கிலோமீட்டர் அளவு. சோயாவும் சோளமும் மலைபோல் ஏறும் இடத்தில் ஒரு பெட்டிக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

பிடிபட்ட வழக்குகள் எந்தத் திரைக்கதையையும் விஞ்சி நிற்கின்றன. 2011 ஜனவரியில் அர்ஜென்டினாவிலிருந்து பார்சிலோனாவில் போய் இறங்கிய தனியார் ஜெட் விமானத்தில் 944 கிலோ கொக்கெய்ன் இருந்தது. அதை ஓட்டிச் சென்றோரில் முன்னாள் விமானப்படைத் தளபதி ஒருவரின் மகன்களும் இருந்தார்கள். 2012-இல் சாக்கோ மாகாணத்து அடுப்புக்கரி மூட்டைகளுக்குள் மறைத்துப் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்ட சரக்கு அங்கே சிக்கியது. 2017-இல் பெரும் எஃகுச் சுருள்களுக்குள் ஒளிக்கப்பட்ட சரக்கு பாஹியா பிளாங்கா என்ற துறைமுக நகரில் பிடிபட்டது. புவெனஸ் அயர்ஸிலுள்ள ரஷ்யத் தூதரகத்தின் பள்ளிக் கட்டடத்தில் 12 பெட்டிகளில் 389 கிலோ இருந்ததை 2016 இறுதியில் கண்டுபிடித்து, சரக்கை எடுத்துவிட்டு மாவை நிரப்பி, பெட்டிகள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். 2018 பிப்ரவரியில்தான் விஷயம் வெளியே வந்தது. சால்ட்டாவின் எல்லையோர நகரமான ஓரானில், கடத்தல் வழக்குகளை விசாரிக்க வேண்டிய கூட்டாட்சி நீதிபதியே கடத்தல்காரர்களிடம் பணம் வாங்கியதற்காக 2019-இல் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சாந்தா ஃபே மாகாணக் காவல்துறைத் தலைவர் 2012-இல் போதைப்பொருள் விவகாரத்தில் பதவி இழந்து கைதானார். விமானி, கரி வியாபாரி, இரும்பு வியாபாரி, தூதரகப் பணியாளர், நீதிபதி, காவல் தலைவர்: நாயகன் இவர்களில் எவர் வீட்டுக் கதவை உதைப்பது? 2022 பிப்ரவரியில் புவெனஸ் அயர்ஸ் புறநகரில், கார்ஃபென்டனில் என்னும் கொடிய செயற்கை மயக்க மருந்து கலந்த கொக்கெய்னை உட்கொண்டு 24 பேர் இறந்தார்கள். அவர்களுக்காகப் பழிவாங்கப் புறப்படும் அண்ணனோ தம்பியோ, பொட்டலம் விற்ற சந்துவரை போகலாம். அதற்கு மேல் போக வழியில்லை.

ரொசாரியோவில் பழிவாங்கல் படங்களில் நடப்பது போலவே நடந்த காலமும் உண்டு. ‘லோஸ் மோனோஸ்’ என்ற கும்பலின் தலைவர்களில் ஒருவரான கிளாவுதியோ கந்தேரோ 2013 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதற்குக் காரணமானவர்கள் என்று கருதப்பட்டவர்களும் அவர்களின் உறவினர்களும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே இன்னும் முகங்கள் இருந்தன. பதினொரு ஆண்டுகள் கழித்து நிலைமை வேறு. சிறைகளில் கெடுபிடி கூட்டப்பட்டு, கைதிகளைச் சட்டையின்றி வரிசையாக உட்காரவைத்த படங்களை மாகாண அரசு வெளியிட்டதும், 2024 மார்ச்சில் சில நாள்களுக்குள் இரண்டு டாக்சி ஓட்டுநர்களும் ஒரு பேருந்து ஓட்டுநரும் ஒரு பெட்ரோல் நிலைய ஊழியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எவருக்கும் போதைத் தொழிலுடன் தொடர்பில்லை. சுட்டவர்களுக்குத் தாம் சுடுவது யாரை என்றே தெரியாது. கூலிக்கு அனுப்பப்பட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அரசின் மேல் கோபம். செத்தது வழியில் போனவர். பேருந்துகள் நின்றன, நகரம் முடங்கியது. பழிவாங்கல் படத்தின் அடிப்படை விதியே இங்கே குலைந்துபோகிறது: பழி இருக்கிறது, ஆனால் அது எவர் மேல் விழுகிறதோ அவருக்கும் காரணத்துக்கும் உறவே இல்லை. (2022-இல் 290-ஐ நெருங்கிய ரொசாரியோ வட்டாரக் கொலை எண்ணிக்கை 2024-இல் நூறுக்கும் கீழே இறங்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மெஸ்ஸி பிறந்த ஊரைக் கொலைக்களமாக மட்டுமே எழுதுவது அங்கே வாழ்பவர்களுக்குச் செய்யும் அநீதி.)

இதைப் புரிந்துகொண்ட இயக்குநர்கள் பழியைக் கைவிட்டிருக்கிறார்கள். பாப்லோ த்ரபேரோவின் ‘எலெஃபாந்தே பிளாங்கோ’ (2012), லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவமனையாக ஆக வேண்டியிருந்து, பாதியில் கைவிடப்பட்ட பிரம்மாண்டமான எலும்புக்கூட்டுக் கட்டடத்தைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதியில் நிகழ்கிறது. இரண்டு போதைக் கும்பல்கள் மோதிக்கொள்கின்றன. துப்பாக்கியுடன் நாயகன் நுழைய வேண்டிய கும்பலின் இடத்துக்குள், ஒரு பாதிரியார் வெறுங்கையுடன் போகிறார். கொல்லப்பட்டவனின் உடலை, அடக்கம் செய்யத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் போகிறார். சந்துகள் வழியே அவரைப் பின்தொடரும் கேமரா, எந்த அதிரடிக் காட்சிக்கும் குறையாத பதற்றத்தைத் தருகிறது. 1974-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பாதிரியார் கார்லோஸ் முஹிக்காவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட படம் இது.

பார்பரா சரசோலா தாயின் ‘சாங்ரே பிளாங்கா’ (2018) இன்னும் நெருக்கமாகப் போகிறது. வயிற்றில் கொக்கெய்ன் குளிகைகளை விழுங்கிக்கொண்டு பொலிவியாவிலிருந்து சால்ட்டாவுக்குள் வரும் இருவரில் ஒருவன் எல்லையோர விடுதியில் இறந்துவிடுகிறான். சரக்கு அவன் உடலுக்குள் இருக்கிறது. அனுப்பியவர்களுக்குச் சரக்கு வேண்டும். உடன் வந்த பெண், தன்னை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாத அப்பாவைத் தொலைபேசியில் அழைக்கிறாள். அவளுக்கு எவர் மேலும் பழிவாங்க நேரமில்லை. கடத்தல் தொழிலின் கடைசிப் படியில் நிற்பவளுக்கு மேல்படியின் முகம் ஒருபோதும் தெரியாது என்பதால், அவளுடைய கோபம் முழுவதும் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே மனிதரான அப்பாவின் மேல் திரும்புகிறது. போதைப்பொருளையும் பழியையும் பொய்யில்லாமல் இணைத்த படம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அதிரடிப் படம் என்று நினைத்து உட்கார்பவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்பதும் தெரியும்.

அர்ஜென்டினாவில் விற்கப்படும் ஒவ்வொரு சினிமாச் சீட்டிலும் பத்தில் ஒரு பங்கு ‘இன்கா’ என்னும் அரசுத் திரைப்பட நிறுவனத்தின் நிதிக்குப் போகிறது. இத்தகைய சிறு படங்கள் எடுக்கப்படுவதற்கு அந்த நிதி பெரிய துணை. 2024 முதல் ஹவியேர் மிலேயின் அரசு அந்நிறுவனத்தின் ஆட்களையும் செலவையும் கடுமையாக வெட்டியிருக்கிறது. பணம் இப்போது ஓடிடி தளங்களிடம் இருக்கிறது. தளங்களுக்குத் தொடர்கள் வேண்டும், தொடர்களுக்கு முகமுள்ள தலைவன் வேண்டும். 2016-இல் தொடங்கிய ‘எல் மார்ஹினால்’ என்ற சிறைத் தொடரில், ஒரு நீதிபதியின் காணாமல் போன மகளைத் தேடி முன்னாள் காவலர் ஒருவர் கைதி வேடத்தில் உள்ளே போகிறார். ஆனால் மக்கள் மனத்தில் இடம்பிடித்தவர்கள், சிறையை ஆண்ட போர்ஹெஸ் சகோதரர்கள். அவர்களை மீண்டும் திரையில் காட்டுவதற்காக அடுத்த இரண்டு பருவங்களையும் முன்கதையாகவே எடுத்தார்கள். நானும் விடாமல் பார்த்தேன். நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. ஓரான் நீதிமன்றத்தில் கோப்புகளைப் புரட்டும் ஓர் எழுத்தர், கொல்லப்பட்ட டாக்சி ஓட்டுநரின் அக்காவுக்காக, கரி மூட்டைகளின் ஏற்றுமதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போகும் கதையை இன்று ஒருவர் எழுதிக்கொண்டு போனால், கடைசியில் அவர் யாரைச் சுடுகிறார் என்பதுதான் தளத்தார் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.